மொட்டையாக ஒரு ‘ஆமா’

எக்கா,

சாய லேப்பில் இருந்த பழைய கம்ப்யூட்டரை இந்த வாரம் மாற்றினார்கள். தூக்கிப்போட எடுத்து வைத்த குவியலில் உங்கள் கீபோர்டு கிடந்தது. தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு நம் யூனிட்டில் அது ஒன்றுதான், அதனால் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். மற்ற எழுத்தெல்லாம் ஓரளவு இருக்கிறது. ‘ங’ மட்டும் முழுக்கத் தேய்ந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. பாவம், அந்த எழுத்துக்குத் தமிழில் அப்படி ஒன்றும் பெரிய வேலை கிடையாது. அதைப் போய் அழித்தே தீர்த்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

மூக்கருகே கொண்டுபோனேன். லேப்பின் அசிடிக் ஆசிட் நெடி இன்னும் போகவில்லை, அதோடு உங்கள் தேங்காய் எண்ணெய் வாசனையும் இருந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அழுதுவிடுவேன் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை உங்களுக்குக் கைவந்த கலை. எனக்கு அது என்றைக்கும் வந்ததில்லை.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து முதலிபாளையம் பனியன் யூனிட்டில் கம்ப்யூட்டர் வேலைக்கு நான் சேர்ந்தபோது, நீங்கள் சாய லேப்பில் வேரூன்றிப்போன ஆள். தினமும் பெருமாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். என்னைவிட ஆறேழு வயது பெரியவர், ஆனாலும் முதல் நாளிலிருந்தே எனக்கும் ‘ங்க’தான். வாட்ச்மேனுக்கும் ‘ங்க’, பீகாரிலிருந்து வந்த பையன்களுக்கும் ‘ங்க’, மேஜை மேல் ஏறும் பூனைக்கும் “எறங்குங்க சாமி” என்பீர்கள். எங்கள் ஊரில் கோபம் வந்தால் வார்த்தை சுருங்கும். உங்களுக்குக் கோபம் வந்தாலும் ‘ங்க’ குறையாது, அதனால் நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா இல்லையா என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அப்போது சாயக் கணக்கெல்லாம் உங்கள் துண்டுச் சீட்டில்தான் இருந்தது. இத்தனை கிலோ துணிக்கு இத்தனை சாயம், உப்பு, சலவைச் சோடா, தண்ணீர் என்று கால்குலேட்டரில் தட்டி எழுதிக் கொடுப்பீர்கள். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னார்கள். நான் ஒரு நோட்புக் எழுதினேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நோட்டு அது, கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதி ஒவ்வொரு கட்டமாக ஓட்டலாம் என்று உங்களுக்குச் சொன்னேன். திரையில் தெரிவது வெறும் தாள், நிஜமாகக் கணக்குப் போடும் ஆள் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பெயர் கெர்னல் என்றேன். “பின்னால இருக்கறவங்க நம்மளப் பாக்க மாட்டாங்களாங்க?” என்று கேட்டீர்கள். பார்க்காது, ஏதாவது தெரிய வேண்டுமென்றால் வேலையை நிறுத்திவிட்டுத் திரைக்கு ஒரு கேள்வி அனுப்பும், நீங்கள் பதில் அடித்து என்டர் தட்டும் வரை அப்படியே நிற்கும் என்றேன். அது நிற்கும் நேரமெல்லாம் கட்டத்தின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதற்கு நீங்கள் ‘பூ’ என்று பெயர் வைத்தீர்கள்.

முதல் நாளே வம்பு. கெர்னல் “எடை?” என்று கேட்டது. நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, “180ங்க” என்று அடித்தீர்கள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டியது.

“என்னங்க அம்மிணி, மரியாதையாத்தானுங்க சொன்னேன். இதென்னுங்க இப்புடிக் கோவிச்சுக்குது?”

“எக்கா, அதுக்கு நம்பர் மட்டுந்தான் வேணும். மரியாதை எல்லாம் அதுக்குத் தெரியாது.”

“அதுக்குத் தெரியாட்டிப் போச்சாதுங்க. நமக்குத் தெரியுமில்லீங்க? ஒருத்தரு கேக்கறாங்க, மொட்டையா நூத்தி எம்பதுன்னா நல்லாவா இருக்கும்?”

போச்சாது என்றால் பரவாயில்லை என்று அர்த்தம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் உங்களோடு மல்லுக்கட்டினேன். நீங்கள் விரலைக் கட்டுப்படுத்தப் பார்த்தீர்கள், முடியவில்லை. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். பதிலின் வாலில் ‘ங்க’ இருந்தால் வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினேன். அதோடு விட்டீர்களா? “ஆமாங்”, “இல்லீங்க”, “ஆச்சுங்க” என்று நீங்கள் அடிக்க அடிக்க என் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. பிறகு கேள்வியிலும் குறை கண்டீர்கள். “எடை?ன்னு வெரட்டற மாதிரி கேக்குதுங்க” என்றீர்கள். “எடை எவ்வளவுங்க?” என்று மாற்றினேன். உலகத்திலேயே கொங்குத் தமிழ் பேசிய ஒரே கெர்னல் நம்முடையதாக இருக்கும்.

அந்த நோட்புக்கில் கடைசிக் கேள்வி உங்களுக்காகவே வைத்தது. “வெயிலில் ஷேடு பார்த்தாச்சுங்களா?” நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க லேப்பில் விளக்குப் பெட்டி உண்டு. மற்றவர்களுக்கு அது போதும். நீங்கள் மட்டும் துணித் துண்டை முற்றத்துக்கு எடுத்துப்போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் சரி சொல்வீர்கள். பெட்டிக்குள் அண்ணன் தம்பியாக இருக்கும் இரண்டு துணி வெயிலில் போனால் பங்காளியாகிவிடும் என்பீர்கள். அந்தக் கேள்விக்கு ஆமா, இல்லை என்று இரண்டே பதில்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் ஒருநாள், மேகம் விலகும் வரை பொறுக்கச் சொல்லி, “சித்த இருங்க” என்று அடித்தீர்கள். கெர்னலுக்குப் புரியாமல் மறுபடி அதே கேள்வியைக் கேட்டது. “சொன்னனுங்களே, சித்த இருங்கன்னு” என்று இரண்டாவது தடவையும் அடித்துவிட்டு, என்னைப் பார்த்து, “காதும் மந்தமுங்களா இதுக்கு?” என்றீர்கள். லேப்பே சிரித்தது.

பதில் அடிக்காமல் விட்டால் போதும், அதுவாகவே காத்திருக்கும் என்று சொன்னேன். அது உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. மேகமாக இருந்தால் கேள்வியை அப்படியே நிற்கவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள். எனக்கு அந்தப் பூவைப் பார்த்தாலே அரிக்கும். “எக்கா, எவ்வளவு நேரந்தான் அது நிக்கும்? ஆமான்னு ஒரு தட்டு தட்டுங்களேன்” என்பேன். “பதறாத காரியம் சிதறாதுங்க” என்பீர்கள், சோடா மூட்டையை நகர்த்திக்கொண்டே.

காலை ஆறு மணி ஷிப்டுக்குச் சாயக் கணக்கு அச்சடித்த ரெசிபித் தாள் தயாராக இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். அதனால் விடியற்காலையில் நோட்புக்கின் இன்னொரு பிரதி தானாக ஓடும்படி வைத்தேன். ஓடவில்லை. ஆள் இல்லாமல் ஓடும்போது திரை கிடையாது, திரை இல்லாத இடத்தில் கெர்னல் கேள்வி கேட்காது. கேட்க இங்கே யாரும் இல்லை என்று சிவப்பில் எழுதிவிட்டு நின்றுவிடும். நியாயமாகப் பார்த்தால் அது நின்றதுதான் சரி. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கேட்க ஆள் இல்லையென்றால் பதில் ‘ஆமா’ என்று வைத்துக்கொள் என்று இரண்டு வரி சேர்த்தேன். மாலைக்குள் நீங்கள் எல்லா ஷேடும் பார்த்து முடித்திருப்பீர்கள், காலையில் கேட்பது வெறும் சம்பிரதாயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. மறக்கவில்லை எக்கா. உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் அந்த ஆலிவ் பச்சை வந்தது. வெள்ளிக்கிழமை பெட்டிக்குள் பார்த்தீர்கள், ஒத்துப்போயிற்று. வெளியே நல்ல மூட்டம். கேள்வியை நிற்கவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். சனிக்கிழமையும் வெயில் இல்லை, பூ அப்படியே நின்றது. ஆனால் சனிக்கிழமை விடியற்காலையில் தானாக ஓடிய அந்தப் பிரதி ஆள் இல்லாமல் கேட்டு, ஆள் இல்லாமல் ‘ஆமா’ சொல்லி, ஷேடு பார்த்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரோடு தாளை அச்சடித்துவிட்டது. சாயப் பட்டறை அடுத்த கட்டடம். அங்கே ஆறு மணிக்கே துணியை இறக்கிவிட்டார்கள். உங்களுக்கு அது தெரியாது.

ஞாயிறு மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். லேப்பில் நின்றுகொண்டிருந்த கேள்வி கெர்னலோடு சேர்ந்து போய்விட்டது. பதில் சொன்னதற்குத்தான் பதிவு உண்டு. காத்திருந்ததற்கு எங்கும் பதிவு கிடையாது.

திங்கட்கிழமை பளிச்சென்று வெயில் அடித்தது. சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து முற்றத்தில் துணியை விரித்தார். லாட் முழுக்கப் பச்சைக்குள் சிவப்புச் சாயல் ஓடியிருந்தது. உங்களையும் என்னையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“ரெக்கார்ட்ல உங்க பேரு இருக்குதுங்க. ஆமான்னு குடுத்துருக்கறீங்க” என்றார் மேனேஜர்.

நீங்கள் திரையைக் குனிந்து பார்த்தீர்கள். “இது நான் அடிச்சதில்லீங்க.”

“எப்புடிச் சொல்றீங்க?”

“நான் அடிச்சிருந்தா ஆமாங்கன்னு இருக்கும். நான் எந்தக் காலத்துலீங்க மொட்டையா ஆமான்னு சொல்லியிருக்கறேன்?”

மேனேஜர் சிரித்தேவிட்டார். பழைய பதிவுகளைத் தள்ளிக் காட்டினார். உங்கள் பதில் ஒவ்வொன்றும் மொட்டையாகத்தான் இருந்தது. ‘ங்க’வை வெட்டிவிட்டுத்தான் நான் எழுதி வைக்கிறேன் என்பது அவருக்கும் தெரியும். உங்களிடம் இருந்த ஒரே சாட்சியை நான் நாள்தோறும் அழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். “மேடம் பக்காவா எழுதியிருக்காங்க, புரோகிராம் தப்புப் பண்ணாதுங்க” என்று எல்லார் முன்னாலும் மேனேஜர் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது எனக்கு இனித்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை முடியும் வரை லேப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி உங்களைப் பேக்கிங்கில் உட்காரவைத்தார்கள். அன்று சாயங்காலம் நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு முடியவில்லை.

செவ்வாயும் புதனும் நீங்கள் பாலிபேக்கில் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். டீ நேரத்தில் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் வாங்கி வந்த வடையில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டீர்கள். புதன்கிழமை மட்டும் பேக்கிங் மேஜையில் கிடந்த இரண்டு பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “இது ரெண்டும் ஒண்ணுதானுங்களா அம்மிணி?” என்று கேட்டீர்கள். இரண்டும் ஒன்றுதான், எனக்கே தெரிந்தது. நீங்கள் நிறத்தைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை காலை டீ ஆறும் வரை கையில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். “எனக்கே இப்ப சந்தேகமா இருக்குதுங்க. நானே ஆமாங்கன்னு அடிச்சுப்போட்டு மறந்துட்டனோ என்னமோ. கண்ணும் முன்ன மாதிரி இல்லீங்க. மேனேஜர்கிட்ட நானே ஒத்துக்கிட்டுப் போயர்றனுங்க.”

வேலையைவிட்டு நிறுத்தியிருந்தால்கூட நீங்கள் தாங்கியிருப்பீர்கள். உங்கள் கண்ணை நீங்களே நம்பாமல் போனதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. டீயை வைத்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அந்த இரண்டு வரியைத் திறந்து காட்டினேன். விடியற்காலை ஐந்தரைக்கு ஓடிய பிரதியையும் காட்டினேன். “இது எக்கா சொன்ன ஆமா இல்ல சார், நான் சொன்னது” என்றேன். திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு அவரே பேக்கிங்குக்கு வந்து, “மன்னிச்சுக்குங்க, நீங்க லேப்புக்குப் போங்க” என்றார். நீங்கள் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கரை முழுதாக ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தீர்கள்.

லேப்புக்குப் போகும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் உள்ளங்கை சோடாவில் ஊறி எப்போதும் சொரசொரப்பாக இருக்கும்.

“எப்பங்க அம்மிணி கண்டுபுடிச்சீங்க?”

“இன்னைக்குக் காலைலதான்க்கா.”

“அட, முருகா” என்றீர்கள். “மூணு நாளாத் தேடித் தவிச்சிருப்பீங்க. அதானுங்க மொகமே வாடிக் கெடந்துச்சு.”

நான் லேப் கதவைத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னீர்கள். உங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு நான் வந்தபோது சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்கக் கூட்டிவைத்துச் சொன்னீர்கள். “என்ற மானத்தக் காப்பாத்துன புள்ளைங்க இது.” எனக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இரண்டு கூடுதலாக வைத்தார்கள். நான் தின்றேன்.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த மத்தியானமும் அதையேதான் நர்ஸிடம் சொன்னீர்கள். குரல் பாதிதான் வந்தது. “இந்த அம்மிணி மூணு நாளு தேடித் தேடிக் கண்டுபுடிச்சுதுங்க.” நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள். கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள், தூங்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் வரலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

இப்போது லேப்பில் வேறு ஆட்கள், வேறு கம்ப்யூட்டர். நோட்புக் இன்னும் நான் எழுதியதுதான். ஒருவர் பதில் சொன்னால் சொன்ன சொல்லை அப்படியே, வாலும் தலையும் வெட்டாமல் எழுதி வைக்கிறேன். கேட்க ஆள் இல்லையென்றால் நின்றுவிடச் சொல்லியிருக்கிறேன். தாள் வராத காலைகளில் மேனேஜர் போன் போட்டுச் சத்தம் போடுகிறார். போடட்டும். எனக்கும் இப்போது ஓரளவு காத்திருக்க வருகிறது. இதெல்லாம் உங்களால் நான் திருந்தியது என்று சொல்லிக்கொண்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான் நிஜமாகத் தூக்கிக்கொண்டு அலைவது வேறு.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நீங்கள் ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குப் போனீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனீர்கள். நீங்கள் கேட் தாண்டியதும் நோட்புக்கைத் திறந்தேன். தேடவே இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நேராக அந்த இரண்டு வரிக்குப் போனேன். படித்தேன். மூடினேன். வீட்டுக்குப் போய்த் தோசை வார்த்துச் சாப்பிட்டேன்.

அன்றைக்கே தெரியும் எக்கா. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.